நிற்கிற பெட்டி

அய்யப்பனுடைய செல் நம்பர் சுற்றுப்பட்டு முப்பது ஊரிலும் இருக்கிறது. ஆனால் நலம் விசாரிக்க அந்த நம்பருக்கு இதுவரை யாரும் போன் போட்டது கிடையாது. போன் வந்தால் எங்கோ ஒரு வீட்டில் ஓர் ஆள் போய்விட்டது என்று அர்த்தம். பேசுகிறவன் தன் பெயரைக்கூடச் சொல்லமாட்டான். "பொட்டி இருக்குதா?" என்பான். "இருக்குது. எந்த ஊரு, எந்தத் தெரு, பிளக்கு பாயிண்ட் வாசலாண்ட இருக்குதா?" அவ்வளவுதான் பேச்சு.

வெளியூர்ப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் பிணம் கெடாமல் வைக்கிற கண்ணாடிப் பெட்டியை வாடகைக்கு விடுவதுதான் அவர் தொழில். சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை பக்கத்தில் நிற்கிற மாதிரி தெரியும் ஏரிக்கொட்டாய் அவர் ஊர். ஒரு பெட்டி, ஒரு ஜெனரேட்டர், இரண்டையும் ஏற்றிப்போக ஒரு குட்டியானை வண்டி. வயது ஐம்பத்தொன்று. ஏழாவதோடு படிப்பு முடிந்தது. கரும்பு வெட்டினார், லாரியில் கிளீனராகப் போனார், கள்ளக்குறிச்சியில் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கேஸ் ஏற்றக் கற்றுக்கொண்டார். கடைசியில் இதில் வந்து நின்றார். பதினொரு வருசம் ஓடிவிட்டது.

சாவு வீட்டிலிருந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது அவர் "வரேன்" என்று சொல்லக்கூடாது. அவர்களும் "போயிட்டு வாங்க" என்று சொல்லமாட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வாடகையைக் கையில் தராமல் வண்டிப் பலகைமேல் வைக்கிறவர்கள் உண்டு. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரன் எழுந்து வேறு வரிசைக்குப் போனதை அவரே பார்த்தார். கோபப்படவில்லை. பாயசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். அவருக்குத் தோல் அப்படி.

அவர் மனைவி கோகிலவாணிக்குத் தோல் அப்படி இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் தனியாகக் கிடந்தவள், போன மாசி மாதம் சேமியா ஐஸ் போட ஆரம்பித்தாள். பாலைச் சுண்டக் காய்ச்சி, ஜவ்வரிசியும் சேமியாவும் வேகவைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, அச்சில் ஊற்றி, குச்சி செருகி, பழைய ஃபிரிட்ஜின் மேல் தட்டில் வைப்பாள். ஒரு தடவைக்கு முப்பது. எதிரில் பள்ளிக்கூடம். மணி அடித்துப் பத்து நிமிசத்தில் முப்பதும் தீர்ந்துவிடும். சில்லறையை அவள் எண்ணுவதில்லை. பிள்ளைகள் "அத்த, எனக்கு, எனக்கு" என்று கையை நீட்டிக்கொண்டு தன் வாசலில் முண்டியடிப்பதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வாசலுக்கு அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் அழுத முகத்தோடு வந்தவர்கள்.

பங்குனியில் ஒருநாள் பத்து ஐஸ்கூடப் போகவில்லை. மறுநாள் நாலு. எவனோ ஒருத்தன் சொல்லிவிட்டான், அந்த ஐஸ் எல்லாம் பிணப் பெட்டியில் வைத்து உறையவைக்கிறது என்று.

அதை முதலில் எதிர்த்து நின்றவள் பெரியநாயகி. பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல்காரி, ரிட்டயர் ஆக ஒரு வருசம் பாக்கி, ஊரே அவள் வாய்க்குப் பயப்படும். மதியம் அவ்வளவு பிள்ளைகளும் வாத்தியார்களும் பார்க்க, கோகிலவாணி வாசலுக்கு வந்து ஒரு ஐஸ் வாங்கி, தெரு நடுவில் நின்று கடித்தாள்.

"இன்னா ருசி தெரியுமா? ஏலக்கா ருசி. பொணத்து ருசி எனக்குத் தெரியாது. உங்கள்ல யாருக்காச்சும் தெரிஞ்சா வந்து சொல்லுங்க."

சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு இருபது போனது. அதற்குப் பிறகு தினமும் மதியம் வந்து ஒன்று வாங்கிக் கடிப்பாள். ஆனாலும் ஒரு நாள் கோகிலவாணியிடம் சொன்னாள்: "உன் ஃபிரிட்ஜி சமையக்கட்டுல மூலையில கீது. யாரு கண்டா? நாலு பேரு கண்ணுல படுற மாதிரி புதுசா ஒரு பொட்டி வாங்கி வாசலாண்ட வெய்யிடி. வாய மூடிக்குவானுங்க."

அப்படித்தான் சித்திரை பிறப்பதற்கு முன்னால் இருவரும் சங்கராபுரம் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுபைரின் கடை. ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின், மிக்ஸி எல்லாம் விற்பார். அய்யப்பனை அவருக்குத் தெரியும். அவர் அத்தா இறந்தபோது மும்பையிலிருந்து தம்பி வரும்வரை வைக்கப் பெட்டி கேட்டு, பிறகு எங்களில் சீக்கிரம் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று சொல்லி வேண்டாமென்றவர்.

"வூட்டுக்கா, கடைக்கா அண்ணே?" என்றார் சுபைர்.

"வூட்லதான். ஐஸ் போட."

சுபைர் நேராக மேல்பக்கம் மூடி திறக்கிற நீளமான வெள்ளைப் பெட்டியிடம் கூட்டிக்கொண்டு போனார். இடுப்பு உயரம். படுத்தவாக்கில் கிடந்தது. மூடியைத் தூக்கிக் காட்டினார். "இத எடுங்க. இதுல சுவத்துல ஐஸ் கட்டும், மாசத்துக்கு ஒருதரம் சுரண்டணும். அது ஒண்ணுதான் வேலை. ஆனா கரண்டு போச்சின்னா அந்த ஐஸே உள்ள கூலிங்க புடிச்சி வெச்சிக்கும். மூடிய தொறந்தாலும் குளிரு மேல ஏறாது, அடியிலயே நிக்கும். கரண்டும் கம்மியா இழுக்கும்."

கோகிலவாணி ஓரடி பின்னால் நகர்ந்தாள். அய்யப்பன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். நீளம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைச்சல். மேலே மூடி. கீழே சக்கரம்.

"இது வாணாங்க" என்றாள் அவள் மெதுவாக. "படுத்திருக்கிறது வாணாம். நிக்கிறதா பாருங்க."

சுபைருக்குப் புரிய ஒரு நிமிசம் ஆனது. புரிந்ததும் மூடியைச் சத்தம் வராமல் மூடினார்.

நிற்கிற பெட்டி ஒன்று இருந்தது. ஆள் உயரம், கதவு, உள்ளே ஏழு டிராயர். ஐஸே கட்டாதாம். உள்ளே ஃபேன் ஓடி ஈரத்தை விரட்டிவிடுமாம். கதவில் ஐந்து நட்சத்திரம் போட்ட சீட்டு, வருசத்துக்கு இத்தனை யூனிட் என்று. அய்யப்பன் சீட்டை விரலால் தேய்த்துப் படித்தார். ஐஸ் கட்டாது என்ற பேச்சிலேயே அவர் விழுந்துவிட்டார். பதினொரு வருசமாக அவர் சண்டை போடுவது அதனோடுதான். அவர் பெட்டியில் அடியில் ஐஸ் பிடிக்கும், கண்ணாடியில் ஆவி அடிக்கும், செத்தவர் முகம் மறைந்துவிடும். "தொடைங்க, மூஞ்சி தெரியல" என்று அழுகிறவர்கள் கத்துவார்கள். தோளில் துண்டோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் சுபைர். "இதுல ஐஸ் கட்டாதுல்ல, அதனால கரண்டு போனா புடிச்சி வெச்சிக்க உள்ள ஒண்ணும் இருக்காது. கதவத் தொறந்தா குளிரு அப்டியே காலுல கொட்டிடும். உங்க பக்கம் மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் வுட்டா வூட்டு லைட்டு மங்குது. யோசன பண்ணிக்கங்க."

"பாய், எனக்கே கூலிங் சொல்லித் தர்றியா? ஜெனரேட்டர் இருக்குது என்னாண்ட."

"உங்களுக்குத் தெரியாததா. நான் விக்கிறவன், எனக்கு எது வித்தாலும் ஒண்ணுதான். பின்னாடி பாய் சொல்லலியேன்னு சொல்லக்கூடாது."

நிற்கிறதே வந்தது. அய்யப்பனின் வண்டியில் அல்ல. அதில் ஏற்றினால் போச்சு. கோகிலவாணி வேறு ஆட்டோ பிடித்து, அட்டைப் பெட்டியோடு, தெரு முனையிலிருந்து மெதுவாக ஓட்டச் சொல்லி, ஊர் பார்க்க இறக்கினாள். அட்டையை ஒரு வாரம் வாசலில் சாத்திவைத்திருந்தாள். ஃபிரீசர் கூடத்தில், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நின்றது. அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். புருசனுக்கு ஒரு சட்டம்: குளிக்காமல் கூடத்துக்குள் வரக்கூடாது, குளித்து வந்தாலும் அந்தக் கதவைத் தொடக்கூடாது. அய்யப்பன் தன் வீட்டிலேயே ஓர் ஓரமாக நடந்து பழகிக்கொண்டார்.

சித்திரை முழுக்கப் பெட்டி நன்றாக ஓடியது. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது. பள்ளிக்கூடம் லீவு விட்டும் பிள்ளைகள் வந்தார்கள். பெரியநாயகியும் லீவிலும் வந்தாள். வைகாசியில் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஆத்தூரங்கரை மாரியம்மன் கோயில் தீமிதி. அங்கே மேசை போட ஓர் இடம் கேட்டாள், கோயில்காரர்களும் சரி என்று சொல்லிவிட்டார்கள். பொதுக் கூட்டத்தில், அம்மன் சந்நிதி எதிரில், கோகிலவாணி விற்பாள். சனங்கள் வாங்கித் தின்னும். அதற்குப் பிறகு எவனும் எதுவும் சொல்ல முடியாது. பத்து நாளாக அவளுக்கு அந்தப் பேச்சுதான். ஏழு டிராயரும் நிரம்ப அறுநூறு ஐஸ் போட்டாள்.

தீமிதி வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்தது. அரை மணி நேரக் காற்றுதான். புளியமரங்கள் சாய்ந்து கம்பங்களை இழுத்துக்கொண்டு விழுந்தன. பதினேழு கம்பம் போச்சு, ரெண்டு மூணு நாள் ஆகும் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார்.

அய்யப்பன் ஜெனரேட்டரைக் கொல்லைப்பக்கம் இறக்கி, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து ஃபிரீசருக்குக் கொடுத்தார். அன்றைக்குச் சட்டம் தளர்ந்தது. கோகிலவாணி தானே பிளக்கை எடுத்துத் தந்தாள். விடிய விடிய அது ஓடியது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் ஒருவர் வந்து நின்றார். தங்கதுரை, பெரியநாயகியின் தம்பி. செருப்புக்கூடப் போடவில்லை.

"மாமா, பொட்டி இருக்குதா?"

அய்யப்பன் பல்குச்சியைக் கீழே போட்டார். "யாருக்குடா?"

"அக்காவுக்கு. காலையில டீ போட எழுந்துச்சி, மாரு வலிக்குதுன்னு சொல்லிச்சி. ஆட்டோ வர்றதுக்குள்ள..." அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். "அக்கா மவன் அஜித்து குவைத்துலேர்ந்து வரணும். நாளைக்கு மத்தியானம் ஆயிடும்றான். கரண்டு இல்ல மாமா. ஜெனரேட்டர் வேணும்."

ஜெனரேட்டர் கொல்லையில் தடதடத்துக்கொண்டிருந்தது. அது எதற்காக ஓடுகிறது என்று தங்கதுரைக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

அய்யப்பன் செல்லை எடுத்தார். சங்கராபுரத்துப் பெட்டிக்காரன் மூங்கில்துறைப்பட்டில் ஒரு சாவு வீட்டில் இருந்தான். கள்ளக்குறிச்சிக்காரன், ரோட்டில் மரம் கிடக்கிறது என்றான். மைக் செட்காரரின் ஜெனரேட்டர் கோயில் பந்தலுக்குப் போய்விட்டது. ஐஸ் ஃபேக்டரியில் ஒரு பாளம் கேட்டார். அவர்களுக்கே கரண்ட் இல்லை. நான்கு போனும் பேசி முடித்து உள்ளே வந்தார். கோகிலவாணி சுவரில் சாய்ந்து நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார். "இந்தப் பொட்டியையும் வண்டியில ஏத்தி அங்க கொண்டும்போயி பின்பக்கம் வெச்சிடலாம். ஒரே ஜெனரேட்டர்ல ரெண்டும் ஓடும். தாங்கும்."

"சாவு வூட்ல வெச்ச ஐஸ யாரு துன்னுவாங்க?"

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல." அவள் நிமிர்ந்தாள். "அந்தம்மா தெருவுல நின்னு எனக்காக வாயத் தொறந்தாங்க. அவங்கள நாற வுட்டுட்டு நான் ஐஸ் விக்கணுமா?"

ஜன்னலாண்டை போய்ப் பிளக்கை அவளே பிடுங்கினாள். "எடுத்துகினு போங்க. கதவத் தொறக்கமாட்டேன். தாங்குற வரைக்கும் தாங்கட்டும்."

பெரியநாயகியைப் பெட்டியில் வைத்தார்கள். அவள் எப்போதும் பேசிக்கொண்டே இருந்தவள் என்பதால், மூடின வாயோடு அவளைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது. அய்யப்பன் பெட்ரோல் ஊற்றி, ஒயர் சரிபார்த்து, துண்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார். வந்தவர்கள் அழுதார்கள். அழுது முடித்தவர்கள் பந்தலோரம் உட்கார்ந்து பேசினார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்.

"நேத்துகூட நல்லா இருந்தாளே."

"காத்து அடிக்கிறதுக்கு முன்னாடி ஐஸ் வாங்கிக் கடிச்சிகினு நின்னா. நான் பாத்தேன்."

"எந்த ஐஸு?"

 அவர் பக்கம் நாலு தலைகள் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. அய்யப்பன் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

பதினோரு மணிக்குக் கோகிலவாணி மாலையோடு வந்தாள். பெட்டியின் கால்மாட்டில் நின்று அழுதாள். அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்கள். ரொம்ப இடம் விட்டார்கள்.

மதியம் பெட்ரோல் கேன் எடுக்க அய்யப்பன் வீட்டுக்குப் போனார். ஃபிரீசரின் கதவுக்கடியில் வெள்ளையாக ஒரு கோடு கசிந்து வாசற்படி வரை வந்திருந்தது. எறும்பு பிடித்திருந்தது. கோகிலவாணி பெரிய தாம்பாளத்தில் ஐஸை அடுக்கி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி இளகிச் சாய்ந்திருந்தன.

"சும்மா குடுக்கிறேன். காசு வாணாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

எதிர் வீட்டிலிருந்து மூன்று பிள்ளைகள் ஓடி வந்தன. தாம்பாளத்துக்கு நாலடி இருக்கும்போது பின்னால் குரல் வந்தது. மணிமொழி, அந்தப் பிள்ளைகளின் தாய். கோகிலவாணியோடு பத்து வருசமாகக் குழாயடியில் பேசிச் சிரிக்கிறவள்.

"டேய், வாங்கடா இங்க. பெரியநாயகி இன்னா ஆனான்னு தெரியுமில்ல?"

பிள்ளைகள் நின்றன. கடைசிப் பையன் ஐஸைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்தான். மணிமொழி கோகிலவாணியைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

அய்யப்பன் எதிர்வீட்டுப் பக்கம் ஓர் எட்டு வைத்தார். "இருங்க" என்றாள் கோகிலவாணி. "இன்னான்னு சொல்லுவீங்க?"

 கேனை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அஜித் வந்தான். ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்தவன் பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து கண்ணாடிமேல் விழுந்தான். கண்ணாடி துளி ஆவி இல்லாமல் இருந்தது. தாயின் முகம் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றரை நாள் அய்யப்பன் அதைப் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பிக் குளித்துவிட்டு வந்த பிறகு, அவர் பெட்டியை வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். அஜித் ஈரத் தலையோடு வந்தான். வாடகையைக் கையிலேயே கொடுத்தான். அய்யப்பன் வேண்டாமென்றார். அவன் அவர் சட்டைப் பையில் செருகினான்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அம்மா தெனம் உங்க வூட்டு ஐஸ் துன்னாங்களா?"

"துன்னாங்க."

"சுகர் மாத்திர போடுறவங்க மாமா. ஆறு வருசமா. உங்களுக்குத் தெரியாதா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. அழுது அழுது சத்தமே இல்லாத குரலில் கேட்டான். அய்யப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரியாது என்று தலையை ஆட்டினார். அவன் உள்ளே போய்விட்டான். அன்றைக்கும் யாரும் அவரைப் போய்வரச் சொல்லவில்லை.

வீட்டில் ஃபிரீசர் கதவு திறந்து கிடந்தது. டிராயர்கள் ஏழும் கொல்லையில் கவிழ்ந்து காய்ந்தன. குழி வெட்டி ஐஸை எல்லாம் கொட்டி மண் தள்ளியிருந்தாள். பால் புளித்த நாற்றம் இன்னும் இருந்தது. ஆத்தூரங்கரைப் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கேட்டது.

அவர் குளித்துவிட்டு வந்து கேட்டார். "அந்தம்மாவுக்கு சுகர் இருந்துச்சாமே. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா குடுத்த?"

கோகிலவாணி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "தெருவுல நின்னு ரெண்டு கடி கடிப்பாங்க. அதுக்கப்புறம் தண்ணி குடிக்கிற மாதிரி பின்பக்கம் வந்து மீதிய இந்தக் கொல்லையில போட்டுட்டுப் போவாங்க. தெனமும். 'எனக்கு ஆவாதுடி, ஊருக்குத் தெரிய வாணாம்'னு சொல்லுவாங்க." அவள் கொல்லை மண்ணைப் பார்த்தாள். "அத இப்ப யாராண்ட போயி சொல்றது? சொன்னா, பாத்தியா, அவளே துப்பிட்டாம்பாங்க."

அய்யப்பன் அஜித்திடம் மட்டுமாவது சொல்லலாமா என்று கேட்க நினைத்தார். அவன் குவைத்திலிருந்து வந்து, எரித்துவிட்டு, ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தன் தாய் இவர்களுக்காக நடித்தாள் என்று போய்ச் சொன்னால் அவனுக்கு எந்த ஆறுதல்? கேட்காமல் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு கோகிலவாணி இரண்டு தடவை ஐஸ் போட்டுப் பார்த்தாள். முப்பது, பிறகு பத்து. பள்ளிக்கூடம் திறந்தது. புதுச் சமையல்காரி வந்தாள். பிள்ளைகள் மணியடித்ததும் தெருவின் அந்தப் பக்கமாக நடந்து போயின. பத்தையும் அவர்கள் இருவருமே தின்றார்கள். மறுநாள் அவள் ஃபிரீசர் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றி வைத்தாள். உள்ளே நாற்றம் பிடிக்காமல் இருக்கக் கதவிடுக்கில் ஒரு துணியை மடித்துச் செருகினாள். சுபைரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அய்யப்பன் கேட்டதற்கு, "திருப்பி எடுத்துகினு போறதையும் ஊரு பாக்கணுமா?" என்றாள்.

ஆடியில் கரண்ட் ரீடிங் எடுக்க ஆள் வந்தார். மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பில் வரவில்லை, நூறு யூனிட்டுக்குள்தான் ஓடியிருக்கிறது என்றார். கூடத்தில் நின்ற பெட்டியையும் அதன் கதவில் இருந்த ஐந்து நட்சத்திரச் சீட்டையும் எட்டிப் பார்த்தார்.

"நல்ல பொட்டியா பாத்து வாங்கியிருக்கீங்க சார். எங்க வூட்ல ஒண்ணு கீது, பிசாசு மாதிரி இழுக்குது. இது இழுக்கவே காணோமே."

"ஆமா சார்" என்றார் அய்யப்பன். "கம்மியாதான் இழுக்கும்."

சட்டைப் பையில் செல் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். "இருக்குது" என்றார். "எந்த ஊரு?"